காணும் மலையும் காணா மலையும்: நடுநாட்டு மலைவழிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நடுநாட்டில் மலையை அணுகும் முறைகள் மூன்று. மலையைக் கடந்து செல்லுதல் ஒன்று. மலையடியைச் சுற்றி வருதல் மற்றொன்று. மலையாகக் கருதப்படும் கோயிலைச் சுற்றி வருதல் மூன்றாவது. இவற்றுக்கு முறையே மலைபடுகடாம் காட்டும் நவிரமலை, திருவண்ணாமலை, விருத்தாசலம் எனப்படும் திருமுதுகுன்றம் ஆகியவை சான்றாகின்றன. இலக்கியம், தலபுராணம், நில அமைப்பு, அண்மைக்கால நிகழ்வுகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து இம்மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வலம்வரும் வழக்கில் மலையை மலையாக நிலைநிறுத்துவது உயரம் மட்டுமன்று, அதைக் கண்டுகொண்டே நடப்பதற்கு உரிய பாதையும் ஆகும் என்பது இதன் முடிபு. முதுகுன்றத்தில் மலை பெயரளவில் எஞ்சியிருப்பது, அண்ணாமலையின் இன்றைய நிலையை மதிப்பிட ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருமுதுகுன்றம், விருத்தாசலம், அண்ணாமலை, கிரிவலம், மலைபடுகடாம், சிவப்பிரகாசர், நடுநாடு

1. முன்னுரை

விருத்தாசலம் இன்று கடலூர் மாவட்டத்தில் ஒரு தொடர்வண்டிச் சந்திப்பாகவும் பீங்கான் தொழில் நகரமாகவும் அறியப்படுகிறது. அரசின் செராமிக் பயிற்சி நிறுவனமும் செராமிக் தொழிற்பேட்டையும் இந்நகருக்கு அப்பெயரைப் பெற்றுத் தந்தன. ஆயின் ஊரின் பழம்பெயர்கள் அனைத்தும் வேறொன்றைச் சொல்கின்றன. முதுகுன்றம், பழமலை, விருத்தகிரி, விருத்தாசலம் என்னும் நான்கும் 'பழைமையான மலை' என்னும் ஒரே பொருளைத் தருவன. ஊருக்கு வருவோரின் கண்ணுக்கோ மலை எதுவும் புலப்படுவதில்லை. மணிமுத்தாற்றங்கரையில் சமநிலமும் அதில் உயர்ந்தெழும் கோபுரங்களுமே தெரிகின்றன.

இங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் திருவண்ணாமலை உள்ளது. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து தனித்தெழும் அம்மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 2,600 அடிக்கும் மேற்பட்டது. அதன் அடியைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர்.

இவ்விரு தலங்களும் நடுநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 22-இல் அடங்குவன. 1911 வரை இரண்டும் தென்னார்க்காடு மாவட்டத்திலேயே இருந்தன; 1906-இல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிஸின் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி இரண்டு வட்டங்களையும் ஒரே நூலுக்குள் கொண்டது. பின்னர் ஏற்பட்ட மாவட்டப் பிரிவினைகளால் இவை தனித்தனியே ஆராயப்படும் நிலை வந்தது. இவற்றை மீண்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வினா எழுகிறது. மலை கண்ணெதிரே நிற்கும் ஊரிலும் மலையே தோன்றாத ஊரிலும் மலையை வலம்வருதல் என்பது எப்பொருளில் ஒன்றாகிறது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மலைபடுகடாம்: கடந்து செல்லும் வழி

தமிழில் மலைவழியை மிக விரிவாகக் கூறும் தொன்மையான நூல் பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளைக் கொண்ட இப்பாட்டு கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊராகிய செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள இன்றைய செங்கம். அவனுக்குரிய நவிரமலையை இன்றைய பருவதமலையாக அடையாளம் காண்பது ஆய்வாளரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆகவே இப்பாட்டு காட்டும் நிலமும் அண்ணாமலை நிற்கும் நிலமும் அண்மையானவை.

இப்பாட்டின் பெரும்பகுதி வழிநடைக்கு உரிய அறிவுரைகளால் ஆனது. பன்றிகளுக்காகப் பொறி வைக்கப்பட்ட இடங்கள், பாம்புகள் ஒடுங்கிக் கிடக்கும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் இடங்கள் எனத் தீங்குகள் ஒவ்வொன்றாகச் சுட்டப்படுகின்றன. குறவரே திசை மயங்கும் குன்றத்தில் வழி தவறினால் மேலும் நடக்காமல் அகன்ற பாறையில் கூடியிருந்து இசைக்கருவிகளை இயக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தப்படுகிறது. ஓசை கேட்டுக் கானவர் உதவிக்கு வருவர். இன்றைய மலையேற்றப் பயிற்சியிலும், வழி தவறியவர் அலையாமல் ஓரிடத்தில் நின்று ஒலியெழுப்ப வேண்டும் என்றே கற்பிக்கின்றனர்.

இங்குக் கருத வேண்டுவன இரண்டு. முதலாவது, மலைக்காட்சி இப்பாட்டில் மிகுதியாக வருணிக்கப்பட்டாலும் காட்சிக்காக மலையேறுவோர் இதில் இல்லை. கூத்தர் வறுமையின் பொருட்டுச் செல்கின்றனர். மலை அவர்களுக்கு இடைவழியே. இரண்டாவது, மலை இங்கு வாழ்வோரால் நிறைந்த நிலம். புனங்காவலரும் கானவரும் குறவரும் அதைத் தம் தொழிலால் அறிந்தவர்கள். வருவோர் அவர்தம் அறிவைச் சார்ந்தே பிழைக்க முடியும். செங்கம் கோயிற் கல்வெட்டு ஒன்று இப்பாட்டை நினைவுகூர்வது, மலையைப் பற்றிய இலக்கிய நினைவு அந்நிலத்து மக்களிடம் இடைக்காலத்திலும் அற்றுப்போகவில்லை என்பதைக் காட்டுகிறது.

பருவதமலை இன்றும் ஏறுவதற்குரிய மலையாகவே இருக்கிறது. பாறையில் அறையப்பட்ட இரும்புக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு ஏறும் பகுதிக்கு மக்கள் வழங்கும் பெயர் 'கடப்பாறை நெட்டு'. உச்சியிலுள்ள மல்லிகார்சுனர் கோயிலிலிருந்து கீழ்நிலம் முழுவதும் தோன்றும். உயரத்தில் நின்று கீழே நோக்கும் இக்காட்சியே மலைநடையின் பயன் என இன்றைய சுற்றுலா வழக்கு கருதுகிறது. அருகிலுள்ள அண்ணாமலையின் மரபோ இதற்கு நேர்மாறானது.

3. முதுகுன்றம்: கோயிலாகிய மலை

தேவாரத்தில் முதுகுன்றத்திற்கு 11 பதிகங்கள் உள்ளன. சம்பந்தர் 7, சுந்தரர் 3, அப்பர் 1 எனப் பாடியுள்ளனர். அண்ணாமலைக்குச் சம்பந்தர் 2, அப்பர் 3 என 5 பதிகங்கள் உள்ளன. எண்ணிக்கையைக் கொண்டு பெருமையை அளக்க இயலாது. எனினும் இன்று கண்ணுக்குத் தோன்றாத 'குன்று', கண்ணெதிரே நிற்கும் மலையை விட இருமடங்குக்கும் மேலாகப் பாடப்பட்டுள்ளமை நினைவில் கொள்ளத்தக்கது.

இரு தலத்துப் பதிகங்களின் நிலக்காட்சியும் வேறுபடுகிறது. சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகத்தில் அருவிகள் முழவுபோல் அதிர்கின்றன. கடுவன் மாங்கனியைக் கொள்கிறது. மழைத்துளி பாறைமீது சிதறுகிறது. அவரது முதுகுன்றப் பதிகத்தில், சந்தனமும் அகிலும் குங்குமமும் சுமந்து முத்தாறு வந்து அடியில் வீழ்கிறது. முதலாவதில் மலையின் உடலே பாடுபொருள். இரண்டாவதில் 'குன்று' பெயராக நிற்க, ஆறே காட்சியாகிறது.

இவ்விடைவெளியைத் தலபுராணம் நிரப்புகிறது. ஞானக்கூத்தர் இயற்றிய விருத்தாசல புராணத்தால் அறியப்பட்ட இத்தல மரபின்படி, பிரமன் மலைகளைப் படைக்கும் முன்னரே சிவபெருமான் இங்கு மலையாக நின்றார். ஏனைய மலைகள் அனைத்துக்கும் முற்பட்டது ஆதலின் அது பழமலை எனப்பட்டது. அம்மலை நிலத்துள் அமிழ்ந்துவிட்டது என்றும் கோயிலே அம்மலை என்றும் மக்கள் கருதுகின்றனர். எனவே இங்குக் கோயிலை வலம்வருதலே மலையை வலம்வருதலாகும்.

கோயிலின் அமைப்பும் இக்கருத்துக்குப் பொருந்துகிறது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் காலத்தில் கற்றளியாக்கப்பட்ட இக்கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் சன்னிதி தரைமட்டத்திற்கு மிகக் கீழே உள்ளது. மலைக்கோயிலில் படியேறிச் செல்வது வழக்கம். 'பழைய மலை'யிலோ வழிபடுவோர் முதலில் படியிறங்கிச் செல்கின்றனர். மலை மேலெழுந்த பொருளாகவன்றி ஆழத்தில் உள்ள பொருளாக இங்கு உணரப்படுகிறது.

நில அமைப்பு நோக்கில் ஒரு குறிப்பு இங்குத் தேவை. விருத்தாசலம், பழைமையான படிகப்பாறை நிலமும் அதற்குக் கிழக்கே கடல்நோக்கிய படிவப்பாறை நிலமும் சந்திக்கும் பகுதியை ஒட்டியுள்ளது. இதனைச் சூழ்ந்த கிரெட்டேசியப் படிவங்கள் நிலவியலாரால் நெடுங்காலமாக ஆராயப்பட்டவை. கிழக்கே நெய்வேலியில் நிலக்கரிப் படுகையோடு வெண்களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கானுக்குரிய வெண்களிமண் என்பது கருங்கல் வகைப் பாறைகளிலுள்ள பெல்ஸ்பார் கனிமம் நீண்ட காலம் நீராலும் காற்றாலும் சிதைந்து உருவாவது. அம்மண் நீரோட்டத்தால் தாழ்நிலத்திற்கு அடித்துவரப்பட்டுப் படிகிறது. அதாவது களிமண் என்பது தேய்ந்துபோன பாறையே.

இதனைக் கொண்டு தலபுராணம் நிலவியல் உண்மையைக் கூறுகிறது என முடிவு செய்வது பிழையாகும். புராணம் தன் மலையைச் சிவனின் வடிவமாகக் கூறியதே அன்றித் தேய்மானத்தை விளக்க முற்படவில்லை. ஆயினும் பழைய மலையின் பெயரைத் தாங்கிய ஊர் களிமண் தொழிலால் வாழ்வது, 'மலை' என்னும் சொல்லை உயரத்தோடு மட்டும் பிணைக்கும் நம் வழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. கால அளவு போதிய அளவு நீண்டால் எந்த மலையும் நிலையானதன்று.

4. அண்ணாமலை: அடிவாரப் பாதை

அண்ணாமலையில் மலையே இலிங்கம் என்பது மரபு. இதனால் இரு விளைவுகள் ஏற்பட்டன. ஒன்று, மலையின் மீது கால் வைப்பது இயல்பான வழிபாடாகக் கொள்ளப்படவில்லை. கார்த்திகைத் தீபத்தின்போது உச்சிக்குச் செல்வதும் மலைச்சரிவிலுள்ள குகைகளுக்குச் செல்வதும் தனிநிலைகளாக நின்றன. மற்றொன்று, மலையடியைச் சுற்றிய பாதை கோயிலின் திருச்சுற்றுக்கு நிகரானதாயிற்று.

இப்பாதை கோயிலின் கிழக்குப் பகுதியில் தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு எனச் சென்று மீண்டும் நகரை அடைகிறது. எண்திசைக்கு உரியனவாக இந்திர, அக்கினி, யம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசானிய இலிங்கங்கள் வழியில் அமைந்துள்ளன. மேற்கே ஆதி அண்ணாமலைக் கோயில் உள்ளது. வழியோர நந்திகள் பல மலையை நோக்கி அமர்ந்துள்ளன. பொதுவாக நந்தி கருவறையிலுள்ள இலிங்கத்தை நோக்கியிருக்கும். ஆதலின் இந்நந்திகள், பாதையில் நடப்பவருக்கு எது கருவறை என்பதைச் சொல்லும் சான்றுகள்.

பாதையில் நடக்கும்போது மலையின் தோற்றம் மாறிக்கொண்டே வருகிறது. கிழக்கிலிருந்து ஒற்றைச் சிகரமாகத் தெரியும் மலை, குபேர இலிங்கத்திற்கு அருகில் ஐந்து முகங்களாகத் தெரிகிறது. அவ்விடம் பஞ்சமுக தரிசனம் எனப் பெயர் பெற்றது. ஒரே இடத்தில் நின்றால் கிடைக்காத இவ்வடிவங்கள் நடையினால் மட்டுமே கிடைக்கின்றன. உச்சியில் நிற்பவன் மலையைத் தவிர அனைத்தையும் காண்கிறான். அடிவாரத்தில் சுற்றுபவனோ மலையையே எல்லாப் பக்கத்திலும் காண்கிறான். வலம்வரும் நெறியின் அடிப்படை இவ்வேறுபாட்டில் உள்ளது.

நடையே முதன்மையானது என்பதை எல்லப்ப நயினாரின் அருணாசல புராணம் சொல்லும் வச்சிராங்கத பாண்டியன் கதை விளக்குகிறது. குதிரையேறி வேட்டைக்கு வந்த அரசன் ஒரு புனுகுப்பூனையைத் துரத்துகிறான். அது மலையைச் சுற்றி ஓடுகிறது, குதிரையும் பின்தொடர்கிறது. சுற்று முடிந்ததும் இரண்டும் வீழ்ந்து, சாபம் நீங்கிய வித்தியாதரர்களாக எழுகின்றன. அரசனுக்கு மட்டும் பயன் கிட்டவில்லை. காலால் நடந்தவை விலங்குகளே. அவன் ஊர்தியில் அமர்ந்திருந்தான். பின்னர் அவன் வெறுங்காலுடன் மலையை வலம்வந்து பேறு பெறுகிறான். அறியாமல் நடந்த விலங்குக்குக் கிட்டியது, அறிந்தும் நடவாத அரசனுக்குக் கிட்டவில்லை என்பது கதையின் கருத்து. பாதைக்கும் பாதத்திற்கும் இடையே எதுவும் வரலாகாது என்னும் நெறி இதிலிருந்து பெறப்படுகிறது.

இந்நெறி இறைவனுக்கும் பொருந்துகிறது. கார்த்திகைத் தீபத்தை அடுத்தும் தை மாதத் திருவூடலை அடுத்தும் ஆண்டுக்கு இருமுறை அண்ணாமலையாரே மலையை வலம்வருகிறார். மலையாகிய இறைவனை உற்சவ மூர்த்தியாகிய இறைவன் சுற்றி வருகிறார்.

5. இரு மலைகளையும் இணைத்தவர்கள்

காணும் மலையையும் காணா மலையையும் தம் வாழ்வால் இணைத்தவர்களாக மரபு இருவரைச் சுட்டுகிறது.

முதல்வர் குரு நமசிவாயர். அண்ணாமலைச் சரிவிலுள்ள குகையில் வாழ்ந்த குகை நமசிவாயரின் மாணவராகிய இவரைச் சிதம்பரத்திற்குச் செல்லுமாறு ஆசிரியர் பணித்தார் என்பர். வழியில் முதுகுன்றத்தில் தங்கியபோது பசி தீர்க்குமாறு பெரியநாயகியை வேண்டி ஒரு வெண்பாப் பாடினார். அதில் அம்மையைக் கிழத்தி எனக் குறித்தார். அம்மை முதியவளாகத் தோன்றி, 'என்னைக் கிழவி என்றது ஏன்? கிழவியால் சோறும் நீரும் கொண்டுவர இயலுமா?' எனக் கேட்டதாகவும், அவர் மீண்டும் இளமை தோன்றப் பாட, அம்மை இளநங்கையாய் வந்து அமுது படைத்ததாகவும் வழங்குகிறது. இத்தலத்தில் விருத்தாம்பிகை, பாலாம்பிகை என இரு அம்மையர் சன்னிதிகள் உள்ளமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இக்கதையின் ஆழம் பெயராய்வில் உள்ளது. கிழத்தி என்பதற்கு உரிமையுடையவள் என்பது பழம்பொருள். முதியவள் என்பது பிற்பொருள். முது என்பதும் முதன்மை, பழைமை, மூப்பு ஆகிய பொருள்களுக்கு இடந்தருவது. முதுகுன்றம் என்பது விருத்தகிரி என வடமொழியாக்கம் பெற்றபோது மூப்பு என்னும் பொருளே முன்னிலை பெற்றது. அதனால் ஊரும் மலையும் அம்மையும் முதுமை எய்தியவர்களாகக் கருதப்படலாயினர். குரு நமசிவாயர் கதை, இப்பொருள் மாற்றத்திற்கு மக்கள் மரபு அளித்த மறுமொழி எனக் கொள்ளலாம். பழைமை வேறு, மூப்பு வேறு என்பதே அம்மறுமொழி.

இரண்டாமவர் 17ஆம் நூற்றாண்டினராகிய துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள். அவர் அண்ணாமலையை வலம்வந்தபோது சோணசைலமாலையின் நூறு செய்யுள்களையும் இயற்றினார் என்பது மரபு. அவரே முதுகுன்றத்தின்மீது பழமலையந்தாதியையும், பெரியநாயகியம்மை மீது தனிநூல்களையும் இயற்றினார். அண்ணாமலைக்கு மாலையும் பழமலைக்கு அந்தாதியுமாக அவருடைய நூல்கள் அமைந்தன. அந்தாதியில் ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி, இறுதிச் செய்யுள் முதற்செய்யுளுக்கே மீள்கிறது. சுற்றிவருவதற்குரிய மலைப்பாதை கண்ணுக்குத் தோன்றாத ஊருக்கு, சுற்றிவரும் யாப்பு அமைந்தது. இது புலவர் கருதிச் செய்ததற்குச் சான்று இல்லை. அந்தாதி பல தலங்களுக்கும் பாடப்பட்ட வகையே. எனினும் வலம் என்பது மொழியிலும் நிகழக்கூடியது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகிறது.

நடையும் பாட்டும் ஒன்றிணையும் இம்மரபு 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, விருபாட்ச குகையில் வாழ்ந்த காலத்தில் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையின் 108 கண்ணிகளுள் சில கிரிவலம் வரும்போது தோன்றியவை. நிறைமாதக் கருவுற்ற அரசியின் நடைபோல மெல்ல நடக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய நெறி. சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய பாதையில் அவரும் அன்பர்களும் இரவு முழுவதும் நடந்ததும், இடையில் தங்கி ஓரிரு நாள் கழித்து மீண்டதும் உண்டு.

6. பாதை சாலையான கதை

20ஆம் நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் பௌர்ணமிக் கிரிவலம் பெருந்திரளான வழிபாடாக வளர்ந்தது. தனியரும் சிறு குழுவினரும் நடந்த பாதை, சிறப்புப் பேருந்துகளும் தொடர்வண்டிகளும் கொண்டுவந்து சேர்க்கும் மக்கள்வெள்ளத்திற்கு உரியதாயிற்று. மின்விளக்குகளும் குடிநீர் வசதிகளும் அமைந்தன, பாதை அகன்றது. முதியோரும் பெண்களும் இரவில் அச்சமின்றி நடக்க இவ்வசதிகள் உதவின என்பதை மறுக்க இயலாது. எளியோர் எவரும் கட்டணமின்றி, சாதி வேறுபாடின்றி, இடைத்தரகர் எவருமின்றிச் செய்யத்தக்க வழிபாடாகக் கிரிவலம் இருப்பதே அதன் வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம்.

இவ்வளர்ச்சியோடு முரண்களும் தோன்றின. 2010களின் நடுப்பகுதியில் பாதையை அகலப்படுத்தும் பணிக்காக மரங்கள் அகற்றப்படுவது எதிர்க்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நிழலுள்ள குறுகிய பாதை நடப்போருக்கு உரியது. அகன்ற தார்ச்சாலை ஊர்திகளுக்கு உரியது. வச்சிராங்கத பாண்டியன் கதை எழுப்பிய அதே வினா, பொறியியல் வடிவில் மீண்டும் எழுந்தது எனலாம்.

மலையின் நிலையும் மாறியுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நிழற்படங்களில் மலைச்சரிவு பெரும்பாலும் மரமற்றுக் காணப்படுகிறது. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் மேற்கொண்ட மரநடுதல் அதன் பகுதிகளை மீண்டும் பசுமையாக்கியது. அதே காலத்தில் நகரை ஒட்டிய கிழக்குச் சரிவில் குடியிருப்புகள் மேலேறின.

2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து பெய்த பெருமழையில், டிசம்பர் 1 அன்று மலைச்சரிவிலுள்ள வ.உ.சி. நகரில் மண்சரிவு ஏற்பட்டுச் சிறார் உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். டிசம்பர் 13 அன்று நடந்த கார்த்திகைத் தீபத்தின்போது பக்தர்கள் மலையேறுவதற்கு அனுமதி அளிக்கப்படவில்லை; தீபப்பணிக்கு உரியோரே உச்சிக்குச் சென்றனர். அசையாதது எனப் பொருள்படும் 'அசலம்' என்னும் சொல்லை அருணாசலம், விருத்தாசலம் என்னும் இரு பெயர்களும் தாங்கியுள்ளன. மலை அசையும் என்பதை அந்த ஒருநாள் மழை காட்டியது. மலைச்சரிவில் வாழ நேர்ந்த எளிய குடும்பங்களே அதன் விலையைக் கொடுத்தன என்பதை மலைவழிபாட்டின் வரலாற்றை எழுதுவோர் ஒதுக்கிவிடலாகாது. மலைபடுகடாம் மலைவாழ்நரைத் தன் வழிகாட்டிகளாகக் கொண்டது. இன்றைய திட்டங்கள் பெரும்பாலும் வந்து செல்வோரையே எண்ணி வகுக்கப்படுகின்றன.

7. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன வருமாறு.

மலைபடுகடாத்தில் மலை கடக்கப்படுவது. அதன் அறிவு மலைவாழ்நரிடம் உள்ளது. அண்ணாமலையில் மலை சுற்றப்படுவது. அதன் உருவம் நடப்பவரின் கண்ணில் கூடுகிறது. முதுகுன்றத்தில் மலை நினைக்கப்படுவது. கோயிலும் பெயரும் பாட்டும் அந்நினைவைத் தாங்குகின்றன. மூன்றிலும் நடை உண்டு. மலையுச்சியிலிருந்து கீழ்நிலத்தைப் பார்த்து மகிழ்வது இம்மூன்றில் எதற்கும் மையமன்று.

காணா மலையை வலம்வரும் ஆற்றல் முதுகுன்ற மரபுக்கு உண்டு. பதிகங்களும் புராணமும் அந்தாதியும் செம்பியன் மாதேவியாரின் கற்றளியும் அவ்வாற்றலைத் தந்தன. அண்ணாமலையின் கிரிவலமோ முற்றிலும் காட்சியைச் சார்ந்தது. நந்திகள் நோக்கும் திசையில் மலை தெரிய வேண்டும். ஐந்து முகங்களும் தோன்றும் இடத்தில் அவை மறைக்கப்படாதிருக்க வேண்டும். பாதையோரக் கட்டடங்களால் மலை மறைந்து, வெறுங்காலால் நடக்க இயலாத சாலையாகப் பாதை மாறுமாயின், அண்ணாமலையும் பெயரளவில் மலையாகிவிடும். முதுகுன்றத்தின் மலை மறைந்ததற்குப் புராணம் கூறும் காலம் படைப்புக்கு முற்பட்டது. அண்ணாமலை மறைவதற்கு ஒரு தலைமுறை போதும்.

எனவே கிரிவலப் பாதையைப் பேணுவோர் பாதையின் அகலத்தை மட்டுமன்றி, பாதையிலிருந்து மலை தெரியும் காட்சிக்கோட்டையும் காப்புக்குரியதாகக் கொள்ளுதல் வேண்டும். நந்திகள், இலிங்கங்கள், மண்டபங்கள் ஆகியவற்றை அவை நோக்கும் திசையோடு சேர்த்து ஆவணப்படுத்துதல் வரலாற்றாய்வாளரின் உடனடிப் பணியாகும். பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப்பள்ளி திருவண்ணாமலை குறித்துப் பல தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல அடித்தளம். முதுகுன்றத்தின் மலைப்பெயர்களையும் அதன் நில அமைப்பையும் இணைத்து ஆராய்தலும் இன்னும் செய்யப்பட வேண்டியதே.

கார்த்திகை நெருங்கும்போது விருத்தாசலத்துத் தொழிற்கூடங்களில் பீங்கான் அகல்விளக்குகள் மிகுதியாகச் செய்யப்பட்டு வெளியூர்களுக்கு அனுப்பப்படுகின்றன. அண்ணாமலை உச்சியில் தீபம் ஏறும் மாலையில் அவ்விளக்குகள் வீட்டு வாசல்களில் ஏற்றப்படுகின்றன. ஒரு மலை உச்சியில் விளக்கைத் தாங்குகிறது. மற்றொரு மலையின் பெயர் தாங்கிய ஊர், களிமண்ணை விளக்காக்கி அனுப்புகிறது. நடுநாட்டின் இரு மலைகளையும் சேர்த்து ஆராய்வதற்கு இவ்வழக்காறும் ஒரு காரணமாகும்.